தக்காளியும் பாலேடும்

1548 அக்டோபர் 31 அன்று பீசாவில் கோசிமோ தெ மெதிச்சியின் வீட்டுக்கு ஒரு கூடை வந்து சேர்ந்தது. பிளாரன்ஸ் பக்கத்துப் பண்ணையிலிருந்து அனுப்பிய தக்காளி. பத்திரமாக வந்துவிட்டது என்று வீட்டுக் காரியஸ்தர் கடிதம் எழுதினார். இத்தாலியில் தக்காளியைப் பற்றிக் கிடைக்கும் முதல் செய்திகளில் அதுவும் ஒன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயின் வழியாக வந்த பழம் அப்போது அங்கே வேடிக்கைப் பொருள்தான்.

இதை ஏன் தோண்டினேன் என்றால், மிலானில் படித்துவிட்டு வந்த என் சித்தி மகன் என் அடுப்பை எட்டிப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை. "அக்கா, தக்காளி சாஸ்ல க்ரீம் ஊத்துறதெல்லாம் பாரம்பரியமே கிடையாது. அசல் இத்தாலியன்னா வெறும் தக்காளிதான்." அசல் என்ற சொல் எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். எந்த வருஷத்து அசல்?

1690களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லாத்தினி எழுதிய சமையல் நூலில் தக்காளிச் சாறு ஒன்று இருக்கிறது. பழத்தைத் தணலில் சுட்டு, தோலுரித்து, பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், உப்பு, எண்ணெய், வினிகர் சேர்க்க வேண்டும். சுட்ட தக்காளிச் சட்னியேதான், போங்கள்! அதற்கு அவர் வைத்த பெயர் 'ஸ்பானிய முறை'. அதை அவர் பாஸ்தாவுக்குச் சொல்லவில்லை. பாஸ்தா அப்போது பாலாடைக்கட்டியோடு போனது. பணக்கார வீடுகளில் சர்க்கரையும் பட்டைப்பொடியும்கூடத் தூவினார்கள். 1787இல் நேப்பிள்ஸ் வந்த கதே பார்த்ததும் துருவிய கட்டி தூவிய மக்ரோனிதான். நேப்பிள்ஸ் பிரபு இப்போலிதோ கவல்காந்தி தன் நூலின் 1839ஆம் வருஷப் பதிப்பில், ஊர்ப் பேச்சுமொழியிலேயே எழுதிச் சேர்த்த வீட்டுச் சமையல் பகுதியில்தான் வெர்மிசெல்லியும் தக்காளியும் இன்று நமக்குத் தெரிந்த ஜோடியாக வருகின்றன. அந்த 'ஆதி' ஜோடிக்கு வயது இருநூறைச் சுற்றித்தான்.

சரி, க்ரீம்? இங்கேதான் விஷயம் ருசிக்கிறது. தெற்கு இத்தாலி ஆலிவ் எண்ணெய் தேசம். பசும்புல் நிறைந்த போ நதிச் சமவெளியில், வடக்கே, வெண்ணெயும் பாலும். நேப்பிள்ஸின் ஏழைக் குடும்பம் க்ரீம் ஊற்றாததற்குக் காரணம் கொள்கையா என்ன? வெயில் ஊரில், குளிர்பெட்டி இல்லாத காலத்தில், அதை எங்கே வைப்பது? 1861இல் நாடு ஒன்றான பிறகும் இரண்டு அடுப்பங்கரைகள் தனித்தனியாகத்தான் எரிந்தன. 1891இல் அர்த்தூசியின் புத்தகம் வீட்டுக்கு வீடு இரண்டையும் கொண்டுபோனது. எல்லா விஷயத்திலும் மூக்கை நுழைத்த ஒரு பாதிரியாருக்கு ஊரார் 'தக்காளிச் சாமியார்' என்று பேர் வைத்த கதையை அதில் சொல்கிறார். தக்காளி எதிலும் நுழையும் என்பதுதான் கேலியின் பொருள்.

பெட்டியில் அடைத்த, கெடாத க்ரீம் பரவிய பிறகு 1970, 80களில் இத்தாலியர்களே அதைக் கண்டபடி ஊற்றினார்கள். ஓட்கா பென்னே அந்தக் காலத்துப் பிள்ளை. பிறகு அவர்களுக்கே வெட்கம் வந்தது. ஆனால் 1982இல் பொலோஞா வணிகச் சபையில் பதிவு செய்த 'அதிகாரப்பூர்வ' ராகு செய்முறையைப் பாருங்கள்: தக்காளியும் இருக்கிறது, ஒரு தம்ளர் பாலும் இருக்கிறது. சித்தி மகனிடம் சொன்னேன். "அது கறிக் குழம்பு, வேற" என்றான். விடாக்கண்டன்.

தயக்கத்துக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. தக்காளியின் புளிப்பில் பால் திரிந்துவிடும். பாலில் புரதம் அதிகம், கொழுப்பு குறைவு. க்ரீமில் தலைகீழ், அதனால் தாங்கும். நம்மூர்க் கடைகளில் விற்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு ஏறக்குறைய 25 சதவீதம். கொதிக்கிற சட்டியில் கொட்டினால் அதுவும் பிரியக்கூடும். நான் பூண்டை எண்ணெயில் வாசம் வரும்வரை விட்டு, அரைக் கிலோ பழுத்த தக்காளியைத் தோலுரித்துப் போட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வதக்குவேன். அடுப்பை அணைத்து இரண்டு நிமிஷம் ஆறவிட்டு, கால் கப் க்ரீமில் ஒரு கரண்டி சாஸைக் கலந்து, அதைச் சட்டியில் திருப்பி ஊற்றுவேன். பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீர் அரைக் கரண்டி சேர்த்தால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்குச் சித்தி மகன் இரண்டாம் முறை தட்டை நீட்டினான். க்ரீம் வழித்த சட்டியை நான் அவன் பக்கம் தள்ளிவைத்தேன்.