திருமெய்யத்து மலையும் மதிலும்

புதுக்கோட்டைக்குத் தெற்கே சற்றேறக்குறைய இருபது கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது திருமெய்யம். மெய்ம்மை விளங்கும் மலையாதலின் வடமொழியாளர் சத்தியகிரி என்பர். மலையின் தென்சரிவிலே சத்தியகிரீசுவரர் குடைவரையும் பள்ளிகொண்ட பெருமாள் குடைவரையும் ஒரே பாறையில் அருகருகே குடையப்பெற்றுள்ளன. சிவபெருமான் குடைவரையில் கருவறைக்கு எதிர்ச்சுவரில் இலிங்கோற்பவர் திருவுருவம் எழுந்தருளியிருத்தல் காணத்தக்கது.

இக்குடைவரைச் சுவரில் முற்காலத்தே இசைக்கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டிருந்தது. குடுமியான்மலைக் கல்வெட்டோடு உறவுடையது அது. பின்வந்தோர் அதன்மேல் வேறொரு சாசனத்தை வெட்டியமையால் பழைய எழுத்துக்கள் பெரும்பாலும் அழிந்துபட்டன; 'பரிவாதினி' முதலாய சில சொற்களே இன்று எஞ்சுவன. கல்லில் இடமா இல்லை? மலை முழுதும் கல்லன்றோ! தமிழிசை வரலாற்றுக்கு நேர்ந்த இவ்விழப்பை ஈடுசெய்தல் எவர்க்கும் அரிது.

ஒரு பாறையில் உறைந்த இரு கோயில்களின் அடியார்களிடையே கோயில் வருவாய் பற்றிய பூசல் நெடுங்காலம் நிலவிற்று. கி.பி. 1245-இல் போசள மன்னன் சோமேசுவரனுடைய தண்டநாயகனாகிய அப்பண்ணன் முன்னிலையில் நாட்டாரும் ஊராரும் சைவ வைணவப் பெரியோரும் கூடி அவ்வழக்கைத் தீர்த்தனர். வருவாய் பங்கிடப்பட்டது, இரு கோயில்களுக்கும் இடையே மதில் எழுந்தது. தீர்ப்பும் கல்லிலேயே பொறிக்கப்பட்டது. அயல்நாட்டுத் தண்டநாயகன் வந்து தீர்க்கும் அளவிற்கு உள்ளூர்ப் பிணக்கு முற்றியிருந்தமை வருந்தத்தக்கதே. எனினும், வாளால் முடியாது வழக்கால் முடிந்ததனை அக்காலத்தாரின் பெருமையாகக் கொள்ளுதல் தகும். அம்மதிலுக்கு இருபுறத்தும் வழிபாடு இன்றளவும் நடைபெறுகின்றது.

மலையைச் சூழ்ந்த கோட்டை மிகப் பிற்பட்டது. இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி அதனைக் கி.பி. 1687-இல் எழுப்பினார். ஏழு சுற்று மதில்களுள் நான்கே இப்போது நிற்கின்றன. உச்சியிலே பீரங்கி மேடை உண்டு. அதற்குச் செல்லும் வழியில், ஏணியாலன்றி எட்டவொண்ணாத பாறைச்சிற்றறை ஒன்றில் சிவலிங்கம் உள்ளது. சேதுபதி தம் மைத்துனராகிய இரகுநாதராயத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டைச் சீமையை அளித்தார். திருமெய்யம் பின்னர்த் தொண்டைமான்கள் வசமாயிற்று.

படைவீரர் நின்ற மதிற்புறத்தே இன்று காவல் நிற்பவர் கோட்டைப் பைரவர். காரைக்குடிச் சாலையில் ஊர்திகளில் செல்வோர் அவர்முன் நிறுத்தித் தேங்காய் உடைத்தே மேற்செல்கின்றனர்.