கட்டவும் முடியாது, விற்கவும் முடியாது: லயத்துக்கு மேல் அடித்த புயல்

புயல் ஓய்ந்ததும் கடற்கரையில் வீடிழந்த ஒருவர் முன்னால் இரண்டு வழி இருக்கும். இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டலாம். இல்லாட்டி காணியை விற்றுவிட்டு வேறு ஊர் பார்க்கலாம். இரண்டுமே மனசை உடைக்கிற முடிவுகள்தான். ஆனாலும் அந்த முடிவை எடுக்கிறவர் அவர்.

ஹேவாஹெட்டயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு லயம் சரிந்தால் இந்த இரண்டு வழியும் இல்லை. லயம் நின்ற நிலம் தோட்டத்தினுடையது. லயமும் தோட்டத்தினுடையது. நாலு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்து செத்திருக்கலாம். ஆனா கட்டவோ விற்கவோ அந்தக் குடும்பத்திடம் ஒரு பேர்ச் காணிகூட இருக்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்துபோன பிறகு இந்தக் கேள்வி நம்மை விட்டுப் போகவே இல்லை. ஒரு சமூகம் இருநூறு வருசம் வாழ்ந்தும் அதுக்கு வீடு இல்லாமல் போனது எப்படி?

பதிலின் ஆரம்பம் ஹேவாஹெட்டக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாகப் போனால் லூல்கந்துரை தோட்டம். 1867ல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் வர்த்தக ரீதியான தேயிலைச் செய்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல் இருக்கையைப் பார்க்க இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகள் ஏறிப் போகிறார்கள். துரை உட்கார்ந்த கல்லுக்குக் கிடைத்த மரியாதை, கொழுந்து எடுத்தவர்கள் படுத்த காம்பராவுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

லயம் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. தேயிலைக்கு முன்னே இந்த மலைகளில் இருந்தது கோப்பி. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் நிறைய ஆள் வேணும். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளோடு கூட்டமாக வந்தவர்கள், வேலை முடிந்ததும் பெரும்பாலும் திரும்பிப் போனார்கள். சில மாதம் தங்குகிற ஆளுக்கு என்ன தேவை? நாலு சுவரும் ஒரு கூரையும் போதும் என்று துரைமார் நினைத்தார்கள். 1869ல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருசம் முழுக்கக் கொழுந்து எடுக்கணும். வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். தற்காலிகமாகப் போட்ட அந்தக் கூரை மட்டும் அப்படியே நிரந்தரமானது. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, முன்னால ஒரு இஸ்தோப்பு, பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம்.

அந்தக் காம்பரா வேலையோடு கட்டிப்போடப்பட்டது. தோட்டத்தில் பெயர் இருந்தால் கூரை உண்டு, பெயர் வெட்டினால் கூரையும் போச்சு. வேலைநிறுத்தம் செய்கிறவன் சம்பளத்தை மட்டுமில்லாமல் படுக்கிற இடத்தையும் பணயம் வைக்க வேண்டியிருந்தது. 1948ல் பிரசாவுரிமைச் சட்டம் வந்து, பெரும்பாலான மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள். 1964ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தது. எந்த நாட்டுக்காரன் என்பதே தெரியாதவன் எந்த நாட்டில் காணி கேட்பான்?

1972ல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியார் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த காணிகளை அரசு எடுத்தது. 1975ல் கம்பெனித் தோட்டங்களும் அரசுக்குப் போயின. நாட்டிலேயே பெரிய காணிப் பங்கீடு அது. அதில் தோட்டத் தொழிலாளிக்குப் பங்கில்லை. கண்டிப் பக்கத்தில் பல தோட்டங்களிலிருந்து அவர்கள் துரத்தப்பட்டார்கள். தோட்டக் காணிகளைப் பிரித்து வெளியாருக்குக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தைச் சேர்ந்த சிவனு லட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். மலையகத்தில் காணிக்காகச் சிந்திய இரத்தத்தில் நாம் மறக்கக்கூடாத பெயர் அது.

1992ல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. நிலம் அரசுடையது, கம்பெனி குத்தகைக்காரர். கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் பல இன்னும் அரச நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. இப்போ லயத்துக் கூரை ஒழுகினால் யாரிடம் போய்ச் சொல்வது? கம்பெனி அரசைக் காட்டும், அரசு கம்பெனியைக் காட்டும். பிரதேச சபையாவது வந்து பாதை போடலாமே என்றால், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிக்க முடியாமல் இருந்த அந்த நிலை 2018ல்தான் திருத்தப்பட்டது. நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில்கூட இதுதான் சட்டம்!

இப்போ கடற்கரைக்கு ஒருதரம் போய்வருவோம். 2004 டிசம்பர் 26ல் சுனாமி அடித்த பிறகு, கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என்று அரசு சொன்னது. அந்த எல்லைக்கு வெளியே முழுதாய் இடிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபாய், பாதி இடிந்ததுக்கு 1,00,000 ரூபாய். எல்லைக்கு உள்ளே இருந்தவர்களுக்கு வேறிடத்தில் வீடு. ஹோட்டல்காரனுக்கு ஒரு சட்டம், மீனவனுக்கு ஒரு சட்டமா என்று சண்டை நடந்தது. கடைசியில் அரசு எல்லையைத் தளர்த்தியது. அநியாயங்கள் அங்கேயும் நிறைய நடந்தன, வாடகைக்கும் அரச காணியிலும் இருந்தவர்கள் அங்கேயும் அலைந்தார்கள். ஆனா காணி வைத்திருந்த மீனவனுக்கு, 'இது என் அப்பன் காணி' என்று சண்டை போட ஒரு இடமிருந்தது.

மலையில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருசம் முன்பே எச்சரித்திருந்தது. ஏன் போகவில்லை என்று கொழும்பில் கேட்டார்கள். எங்கே போறது? 'அபாயம், வெளியேறு' என்கிற கடிதம் காணி உள்ளவனுக்கு எச்சரிக்கை. காணி இல்லாதவனுக்கு அது வெறும் கடதாசி. தப்பியவர்களுக்கு மாற்று வீடுகள் கைக்கு வர 2016 ஆனது. பலர் அதுவரை ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தடுப்புப் போட்டுக் குடித்தனம் நடத்தினார்கள்.

பதினொரு வருசம் கழித்து டித்வா. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, அதில் கண்டி மாவட்டத்தின் இழப்பு மிகப் பெரியது. இந்தத் தடவை அரசு அறிவித்த தொகை பெரிசு. முழுதாய் இழந்த வீட்டைக் கட்ட 50 இலட்சம் ரூபாய் வரை. காசு பற்றிக் குறை சொல்ல நமக்கு மனசு வரவில்லை. ஆனா லயத்துக்காரருக்கு அந்தக் காசு கைக்கு வருவதற்கு முன்னால ஒரு கேள்வி வரும்: எந்தக் காணியில் கட்டப் போறீங்க? காணி கம்பெனியின் குத்தகையில் இருக்கிறது. கம்பெனி விடுவிக்கணும், அரசு ஒதுக்கணும், கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பான இடம் என்று சொல்லணும். மூன்று கையெழுத்துக்கும் நடுவில் ஒரு குடும்பம் முகாமில் உட்கார்ந்திருக்கும்.

ஒன்றுமே மாறவில்லை என்று சொன்னால் அது பொய். 7 பேர்ச் காணியில் தனி வீடு என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த 4,000 வீட்டுத் திட்டத்தோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். புயலுக்குச் சில வாரம் முன்னே, 2025 ஒக்டோபரில், பண்டாரவளையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரம் கொடுக்கப்பட்டது. நல்ல விசயம்தான். ஆனா ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாழும் இடத்தில் இது எத்தனை வருசம் போகும்?

இன்னொரு வாதமும் அடிக்கடி காதில் விழுகிறது. உறுதி கொடுத்தால் விற்றுவிடுவார்கள், வெளியாள் உள்ளே வந்துவிடுவான், தோட்டம் சிதறிவிடும் என்கிறார்கள். இதைச் சொல்கிறவர்களில் நம்ம ஆட்களும் உண்டு. அவர்களின் பயம் நமக்கும் புரிகிறது. ஆனா கண்டி நகரத்தில் வீடு வைத்திருப்பவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. விற்கக்கூடிய வீட்டைத்தான் ஈடு வைத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்பலாம். மலை வெடிக்குது என்று தெரிந்தால் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு உயிரோடு இறங்கலாம். விற்காமலே அங்கேயே இருந்துவிடவும் செய்யலாம். அந்த உரிமை மீரியபெத்தையில் இருந்திருந்தால், கடிதம் வந்தபோதே சில குடும்பங்களாவது கிளம்பியிருக்கும் என்று நாம் நம்புகிறோம்.

வடக்குக்கே போய்விடலாம் என்ற பேச்சும் புயலுக்குப் பிறகு மறுபடி எழுந்தது. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் மலையக மக்கள் வன்னிக்குப் போயிருக்கிறார்கள். போகிறவர் போகலாம், அது அவர் விருப்பம். ஆனா இருக்க இடமில்லாமல் போவதை விருப்பம் என்று சொல்ல முடியுமா?

நாம் கேட்பது பெரிய விசயம் கிடையாது. நிவாரணப் படிவத்தில் 'காணி உறுதி' என்று ஒரு கட்டம் வரும்போது, அதுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேணும்: எத்தனை வருசமாக இங்கே குடியிருக்கிறீங்க? அதை நிரூபிக்க வாக்காளர் இடாப்பு இருக்கு, சேமலாப நிதிப் பதிவு இருக்கு, தோட்டத்துச் செக்ரோல் இருக்கு. இவ்வளவு காலமும் நம்ம ஆட்களின் நாட்பேரை ஒரு நாள் விடாமல் எண்ணி எழுதி வைத்த நாடு இது. அந்தக் கணக்கை ஒருமுறை நமக்குச் சாதகமாகவும் வாசிக்கட்டும்.