‘தாய்மொழி: தமிழ்’

பம்பாய் வடாலாவில் மேஜர் பரமேசுவரன் பெயரைத் தாங்கிய சாலை ஒன்று உண்டு. பம்பாயில் பிறந்து, தென்னிந்தியர் நடத்திய பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்று, 1987-இல் இலங்கை மண்ணில் உயிர்நீத்துப் பரமவீர சக்கர விருது பெற்ற அவ்வீரரின் சாலையிலேயே, எஸ்.ஐ.டபிள்யூ.எஸ். என்று ஊரார் சுருக்கி அழைக்கும் தென்னிந்தியர் க்ஷேம சங்கத்தின் கல்விச்சாலைகளும் நிற்பது வெகு பொருத்தம்.

1896-இல் மூண்ட பிளேக் நோயின் பீதியால் 1898-இல் தோன்றிய நகர அபிவிருத்தி டிரஸ்ட், மாதுங்கா, வடாலாப் பக்கத்து வெற்று நிலங்களை மனைகளாக வகுக்கத் தலைப்பட்டு, 1910-இல் துறைமுக ரயில் பாதையும் இவ்வழியே வந்து சேர்ந்த பின்னரே, தட்டெழுத்தையும் சுருக்கெழுத்தையுமே மூலதனமாகக் கொண்டு வந்த தமிழ்க் குமாஸ்தாக்கள் இங்கே குடித்தனம் தொடங்கினார்கள். தாராவித் தோல் மண்டிகளுக்கு வந்த தமிழர் அவர்களுக்கும் மூத்தவர்கள். 1932-இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் உதித்தபோதும், அதே பத்தாண்டுகளில் வடாலாச் சங்கம் எழுந்தபோதும், எந்தச் சர்க்காரும் இவர்களை மொழிச் சிறுபான்மையினர் என்று விசேஷமாகப் பெயரிட்டு அழைத்ததில்லை. தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொண்டார்கள்.

அந்தப் பெயரைத் தந்தது தேசப்படம். மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்த 1956-ஆம் ஆண்டிலேயே, எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் சிக்கிக்கொண்டவர்களின் குழந்தைகள் ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் பெறவேண்டும் என்ற விதி அரசியல் சாசனத்தில் சேர்ந்தது. அதற்கும் முன்பே, 1949-இல், வகுப்பில் 10 பேரோ பள்ளியில் 40 பேரோ இருந்தால் அவர்கள் மொழியில் ஆசிரியர் வேண்டும் என்று கல்வி மந்திரிகள் தீர்மானித்திருந்தனர். 1960-இல் மஹாராஷ்டிரம் பிறந்தது. சயானில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் கல்லூரி பிறந்ததும் அவ்வாண்டே. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்ந்து, சிறுபான்மையை அந்தந்த ராஜ்யத்தை அலகாகக் கொண்டே கணிக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். ஆக, சென்னையில் பெரும்பான்மையாயிருப்பவன் ரயிலேறிப் பம்பாயில் இறங்கியதும் சிறுபான்மையினன் ஆகிவிடுகிறான்!

2008-இல் மந்திராலயம் எனப்படும் மஹாராஷ்டிரத் தலைமைச் செயலகத்தில் சிறுபான்மையினர் அபிவிருத்தித் துறை தனியே அமைந்தது. மதச் சிறுபான்மையோர்க்கு உதவித்தொகை முதலியவற்றைக் கவனிப்பதோடு, மொழிச் சிறுபான்மைக் கல்வி ஸ்தாபனம் என்ற அத்தாட்சியையும் அதுவே வழங்குகிறது. தர்மகர்த்தாக்கள் அச்சமூகத்தவரா என்று பார்த்து அளிக்கப்படும் அத்தாட்சிதான் ஜூனியர் கல்லூரியில் பாதி இடங்களைச் சமூகத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவைக்க வழிசெய்கிறது. முன்னோர் கைப்பொருளில் கட்டிய கல்விச்சாலையைப் பேரப்பிள்ளைகளுக்குக் காத்துத் தருவது அற்ப உபகாரமன்று.

ஆயினும் என் மனத்தில் ஒரு குறை உண்டு. ஸ்தாபனத்தைக் காப்பதில் இத்துறை காட்டும் சிரத்தை பாஷையைச் சென்றடைவதில்லை. தமிழிலேயே பாடம் கற்பிப்பவை பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளிகள். அங்கே படிப்பவர்கள் தாராவி போன்ற இடங்களின் ஏழைப் பிள்ளைகள். கல்லூரி இடத்துக்கோ பள்ளி மாற்றுச் சான்றிதழிலுள்ள ‘மாத்ருபாஷா’ என்ற கட்டமே போதும். மராத்தியில் சிநேகிதர்களோடு பேசி, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, அகர முதல் எழுத்தை அறியாமலே வளர்ந்த பிள்ளைக்கும், என்றோ அதன் தகப்பனார் முதல் வகுப்பில் சேர்க்கையில் அக்கட்டத்தில் எழுதுவித்த ஒரு சொல், பத்தாண்டுகள் கழித்துக் கல்லூரி வாசலைத் திறந்துவிடுகிறது.