அடுப்புக்கு மேலே ஒரு கொடி

பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் சமைக்கும் பகுதியை நடத்தும்போதெல்லாம் ‘வாடூன்’ என்ற சொல்லில் சற்று நின்றுவிடுவேன். வாடிய ஊன், காய்ந்த இறைச்சி. பிள்ளை பெற்றவளைக் குடிலில் மான்தோல் படுக்கையில் விட்டுவிட்டு மற்றப் பெண்கள் போகிறார்கள். நுனியில் இரும்பு பூட்டிய கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுக்கிறார்கள். முற்றத்து நிலவுரலில் குத்துகிறார்கள். கிணற்றில் உவர்நீர் தோண்டி, வாய் உடைந்த பானையை உடைந்த அடுப்பில் ஏற்றுகிறார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இத்தனையையும் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த ஊன் யார் கையால் வாடியது என்பது அங்கே இல்லை. வேட்டைக்கும் விருந்துக்கும் நடுவில் உள்ள நாட்களைப் பாட்டு தாண்டிப் போய்விடுகிறது. நெய்தல் பாடல்கள் பரவாயில்லை, மீன் உணங்கலைக் காக்கும் பெண் பறவை ஓட்டுகிறாள். “அதுவும் தலைவன் வந்து பார்ப்பதற்கு வசதியாகத்தானே மேடம்” என்றாள் ஒரு மாணவி. மறுக்க முடியவில்லை.

அந்த நடுநாட்களை நான் கற்றுக்கொண்டது கொமரலிங்கத்தில், என் அமுச்சியிடம். அமராவதியின் ராஜவாய்க்கால் பாயும் ஊர், நெல்லும் தென்னையும். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் கோயில் கிடாவெட்டில் வந்த கூறு குழம்புக்குப் போக மிஞ்சினால் உப்புக்கண்டம்தான். “வெட்டுனதும் ஆம்பளைங்க, கூறு போட்டதும் ஆம்பளைங்க. அதுக்கப்பறம் எங்க பாடு” என்பார்.

கொழுப்பை நீக்கிவிட்டு, நாரோட்டத்தில் விரல் தடிமனுக்கு நீளநீளமாக அறுக்க வேண்டும். தடித்தால் உள்ளே ஈரம் நின்று நாறிவிடும். கல்லுப்பு, மஞ்சள், பொடித்த மிளகாய் போட்டுப் பிசறி வைத்து, சாக்கு ஊசியால் நூலில் கோத்து வெயிலில் கட்ட வேண்டும். காக்கைக்கும் பூனைக்கும் ஒருத்தி காவல். ஐப்பசி மழையில் வெயில் பொய்த்தால் அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிடுவது. காய்ந்த மட்டையும் தேங்காய்த்தொட்டியும் போதும். எரியாமல் புகைய வேண்டும். “வேகக்கூடாது கண்ணு, வாடோணும்” என்றார். வாடூனுக்கு நான் படித்த எந்த உரையும் இவ்வளவு தெளிவாக இல்லை.

உப்பு ஈரத்தை வெளியே இழுக்கிறது. புகையில் உள்ள பீனால்கள் கொழுப்பு சிக்கடிக்காமல் காக்கின்றன, நுண்ணுயிர்களையும் அடக்குகின்றன. அதே புகைதான் கீழே ஊதாங்குழலோடு உட்கார்ந்தவளின் நெஞ்சுக்குள்ளும் போனது. கறி கெடாமல் இருந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, விறகடுப்பு போன்றவற்றின் வீட்டுப் புகையைப் புற்றுநோய்க்குக் காரணமாக வாய்ப்புள்ள ‘2ஏ’ பிரிவில் வைத்து 2010இல் தொகுதி வெளியிட்டது. 2015இல், புகையூட்டியது உள்ளிட்ட பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் வைத்தது. (பிரிவு என்பது சான்றின் உறுதியைச் சொல்வது, ஆபத்தின் அளவை அல்ல.) தின்பவருக்கான இரண்டாவது செய்தி என் மாணவிகளில் பலருக்குத் தெரிந்திருந்தது. சமைப்பவளுக்கான முதலாவதை ஒருத்தியும் கேள்விப்பட்டதில்லை.

யார் வீட்டுக் கொடி தெருவுக்குத் தெரியலாம் என்பதைச் சாதிதான் முடிவுசெய்தது. எங்கள் ஆட்டுக்கறி வாசலிலேயே காய்ந்தது. மாட்டுக்கறி காயவைத்த வீடுகளுக்கு அந்தத் துணிச்சல் வாய்க்கவில்லை. 2009இல் புனே பல்கலைக்கழகத்துப் பெண்ணியல் ஆய்வு மையத்தில் ஷர்மிளா ரெகேயும் தோழிகளும் தலித் உணவு நினைவுகளை ஒரு நூலாக்கினார்கள். ‘இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா’ என்று கேட்கும் தலைப்பு. தமிழில் அப்படியொரு தொகுப்பை எங்கள் துறை மாணவிகளே தொடங்கலாம். பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

2006இல் அமைந்த தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது, 2016இல் உஜ்வலா வந்தது. கொடி அவிழ்ந்தது. அதற்காக நான் வருந்தவில்லை. பனியன் கம்பெனி வேனில் விடிகாலையில் ஏறுகிறவள் நாலு நாள் கறிக்குக் காவல் இருக்கவும் முடியாது. இப்போது புகையூட்டல் ஆண்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகத் திரும்பியிருக்கிறது, பீப்பாயும் வெப்பமானியுமாக. திறந்தவெளியில் செய்கிறார்கள் என்பது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

நானும் கொல்லையில்தான் செய்கிறேன். அடியில் ஓட்டை போட்ட எண்ணெய் டின், உள்ளே தொட்டிக் கனல், மேலே கம்பியில் கண்டங்கள். அமுச்சி திண்ணையிலிருந்து கறியைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. “பொகை வராத பக்கமாப் பாத்து உக்காரு சாமி” என்பார்.