வாக்குகளுக்கும் அதிகாரத்துக்கும் நடுவே: வர்ஜீனியா ஆளுநர் டக்ளஸ் வைல்டர்



நம் நாட்டில் ஆளுநர் என்றால் குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒருவர். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே ஆளுநரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரவு செலவுத் திட்டம், காவல், சிறை, தூக்குத் தண்டனைக் கைதியின் கருணை மனு எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். அந்த நாற்காலியில் தேர்தல் மூலம் அமர்ந்த முதல் கறுப்பர் லாரன்ஸ் டக்ளஸ் வைல்டர். அவருக்கு முன் 1872 டிசம்பரில் பிஞ்ச்பேக் என்ற கறுப்பர் லூசியானாவில் சுமார் ஐந்து வாரம் பொறுப்பு ஆளுநராக இருந்தார். அதற்கும் 1989இல் வைல்டர் பெற்ற வெற்றிக்கும் இடையே 117 ஆண்டுகள். அந்த இடைவெளியே ஒரு வரலாறு.

வைல்டர் 1931இல் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்குத் தலைநகராக இருந்த ஊர் அது. அவருடைய தந்தைவழித் தாத்தாவும் பாட்டியும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். கல்லூரியில் வேதியியல் படித்தார். கொரியப் போரில் வீரப் பதக்கம் பெற்றார். பிறகு ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து, சொந்த ஊரில் வழக்கறிஞரானார். அதே காலத்தில்தான், வெள்ளைக் குழந்தைகளோடு கறுப்புக் குழந்தைகளை உட்காரவைக்க மனமில்லாமல், வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் 1959 முதல் 1964 வரை தன் பொதுப் பள்ளிகளையே இழுத்து மூடியது. பொதுக்குளத்தில் நாம் இறங்கக்கூடாது என்று மறித்தவர்களின் கதை தெரிந்த நமக்கு இந்த மனநிலையை விளக்கத் தேவையில்லை.

1969இல் வைல்டர் மாநில செனட்டுக்குத் தேர்வானார். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்துக்குப் பிறகு அந்த அவைக்குள் நுழைந்த முதல் கறுப்பர் அவர்தான். அவர் முதலில் கை வைத்தது மாநிலப் பாடலில். பழைய எஜமானின் தோட்டத்துக்கே திரும்பிப்போக ஏங்கும் அடிமை ஒருவனின் குரலில் அமைந்த பாடல் அது. அதை நீக்க வேண்டும் என்று 1970இல் அவையில் எழுந்து பேசினார். பாடல் உடனே போகவில்லை. அது ஓய்வு பெற 1997 ஆகிவிட்டது. மார்ட்டின் லூதர் கிங் பெயரில் விடுமுறை கேட்டு ஆண்டுக்கணக்கில் மசோதா கொண்டுவந்தார். 1984இல் அது நிறைவேறியது. ஆனால் எப்படி? அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதிகள் லீ, ஜாக்சன் ஆகியோரின் நாளோடு சேர்த்து ஒட்டப்பட்டது. நம் தலைவர்களுக்குச் சிலை வைக்கும்போதே அவர்களின் கருத்தை அடக்கம் செய்யும் வித்தையை நாமும் பார்த்திருக்கிறோம்.

1985இல் துணை ஆளுநர். 1989இல் ஆளுநர் தேர்தல். வர்ஜீனியாவின் மக்கள்தொகையில் கறுப்பர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்ற முழக்கம் புறநகர் வெள்ளையர் வாக்கைக் கணிசமாகக் கொண்டுவந்தது. கருத்துக்கணிப்புகள் எளிதான வெற்றி என்றன. பெட்டியைத் திறந்தபோது, பதிவான சுமார் 18 லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 6,741 மட்டுமே. கணிப்பாளரிடம் ஒன்றைச் சொல்லி, திரைக்குப் பின்னால் வேறொன்றைச் செய்யும் இந்தப் பழக்கத்தை ஆய்வாளர்கள் அவர் பெயராலேயே 'வைல்டர் விளைவு' என்கிறார்கள்.

ஆட்சி எப்படி இருந்தது? பொருளாதார மந்தம். சுமார் 220 கோடி டாலர் பற்றாக்குறை. வரியை உயர்த்தாமல் செலவை வெட்டினார். நெருக்கடிக் காலச் சேமிப்பு நிதியை அரசியல் சட்டத் திருத்தமாகவே கொண்டுவந்தார். 1990இல், நிறவெறித் தென்னாப்பிரிக்காவோடு தொழில் செய்யும் நிறுவனங்களிலிருந்து மாநில முதலீடுகளைத் திரும்பப் பெற ஆணையிட்டார். ஒருவர் மாதம் ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்ற சட்டம் 1993இல் வந்தது. இவை சிறிய காரியங்கள் அல்ல.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெட்டிய செலவில் அரசுக் கல்லூரிகளின் பணமும் இருந்தது. கட்டணம் ஏறினால் முதலில் யார் வெளியே போவார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் மரண தண்டனையை எதிர்த்த வைல்டர், மாநிலம் முழுவதற்குமான தேர்தலுக்கு வந்தபோது அதை ஆதரித்தார். அவர் ஆட்சியில் 14 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஏர்ல் வாஷிங்டன் என்ற கறுப்பினப் பண்ணைத் தொழிலாளி, அறிவு வளர்ச்சி குன்றியவர், செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்றிருந்தார். மரபணுச் சோதனை அவர் பக்கம் பேசியது. 1994 ஜனவரியில், தன் பதவியின் கடைசி நாளில், வைல்டர் தந்தது விடுதலை அல்ல, ஆயுள் தண்டனை. உயிர் காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால் முழு மன்னிப்பு 2000இல்தான், வேறொரு ஆளுநரின் கையால் வந்தது. சிறைக்கதவு திறந்தது 2001இல்.

இதை வைல்டரின் தனிப்பட்ட குணக்கேடு என்று முடித்துவிட்டால் நாம் எதையும் கற்கவில்லை என்று பொருள். பெரும்பான்மையின் வாக்கில் வெல்பவர் பெரும்பான்மையின் அச்சங்களையும் சுமந்தே ஆள வேண்டியிருக்கிறது. இதை அம்பேத்கர் 1932லேயே கண்டவர். பூனா ஒப்பந்தத்தில் நமக்கான இடங்கள் 71இலிருந்து 148 ஆயின. ஆனால் வெற்றியைத் தீர்மானிக்கும் வாக்கு பொதுத் தொகுதிக்குப் போனது. எண்ணிக்கை கூடியது, குரல் குறைந்தது. 1952 பொதுத் தேர்தலில் வடக்கு பம்பாயில் அம்பேத்கரே தோற்கடிக்கப்பட்டார். அவரை வென்றவரும் நம் சமூகத்தவர்தான், காங்கிரஸ் வேட்பாளர்.

ஆகவே இரண்டு தவறுகளை நாம் தவிர்க்க வேண்டும். நம்மவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்ததும் விடுதலை வந்துவிட்டதாகக் கொண்டாடுவது ஒன்று. அவர் தயங்கியதும் துரோகி என்று ஒதுக்குவது மற்றொன்று. வர்ஜீனியா செனட்டில் பாடலுக்கு எதிராகத் தனியே எழுந்து நின்ற வைல்டரும், ஆளுநர் மேசையில் 14 மரண தண்டனைகள் நடக்க விட்ட வைல்டரும் ஒரே மனிதர்தான். இடையில் மாறியது அவரைச் சூழ்ந்திருந்த வாக்குக் கணக்கு. அந்தக் கணக்கை மாற்றும் வேலை நாற்காலியில் இருப்பவரின் வேலை அல்ல. ஊரிலும் சேரியிலும் ஆலைவாசலிலும் கூடி நிற்கும் நம்முடைய வேலை. தனித்தொகுதி உறுப்பினரிடம் கேள்வி கேட்கும் அமைப்பு வலுவாக இருந்தால்தான், அவர் கட்சித் தலைமைக்கு அஞ்சுவதைவிட நமக்கு அதிகம் அஞ்சுவார்.

ஜெய் பீம்.