விவரம் துறத்தல்: ஒளிப்படத்தை ஓவியமாக்கும் முறைகளின் வரலாறு

கைப்பேசியில் எடுத்த படத்தை ஒரு தட்டில் எண்ணெய் ஓவியமாகவோ நீர்வண்ணமாகவோ மாற்றிவிடலாம். இந்த ஃபில்டர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தூரிகைத் தடம், கித்தான் இழை, வண்ணத்தின் தடிப்பு என்று படத்தின் மேல் சேர்க்கப்படுவதையே பேசுகிறார்கள். படத்திலிருந்து கழிக்கப்படுவதைப் பற்றிப் பேச்சு குறைவு. ஓர் ஒளிப்படம் ஓவியம்போல் தோன்ற முதல் காரணம் அந்தக் கழிவுதான். கேமரா முகத்தையும் சட்டை மடிப்பையும் சுவர்க் கீறலையும் ஒரே அக்கறையோடு பதிவு செய்கிறது. ஓவியர் அப்படிச் செய்வதில்லை. எந்த இடத்தில் விவரத்தை விட்டுவிடுவது, அதை யார் முடிவு செய்வது என்ற கேள்வியோடு பார்த்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இருட்டறையும் இன்றைய நரம்பு வலைப்பின்னலும் ஒரே வரலாற்றின் பகுதிகள் என்பது புலப்படும்.

இந்தக் கேள்வியைக் கோட்பாடாக முன்வைத்தவர்களுள் முக்கியமானவர் பீட்டர் ஹென்றி எமர்சன். மருத்துவம் பயின்றவர், இங்கிலாந்தின் நார்ஃபோக் நீர்நிலங்களில் வாழ்ந்த உழைப்பாளர்களைப் படமெடுத்தவர். கண் தன் பார்வைப் பரப்பு முழுவதையும் ஒரே கூர்மையில் காண்பதில்லை என்ற உடலியல் உண்மையை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொண்டு, 1889இல் வெளியான 'நேச்சுரலிஸ்டிக் ஃபோட்டோகிராஃபி' நூலில் ஒரு வாதத்தைக் கட்டினார். கண் நிலைகொள்ளும் இடம் தெளிவாகவும் மற்றவை சற்று மங்கலாகவும் இருக்கும்படி லென்ஸைக் குவிக்க வேண்டும் என்றார். ஒளிப்படம் கலைதான் என்ற நிலைப்பாட்டை அவரே விரைவில் துறந்துவிட்டாலும், விவரத்தின் அளவு இடத்துக்கு இடம் மாற வேண்டும் என்ற அவருடைய கருத்து நிலைத்துவிட்டது.

லென்ஸ் தந்ததைவிட அச்சுத்தாள் கைக்கு அதிக இடம் தந்தது. பாரிஸைச் சேர்ந்த ரோபேர் டெமாஷி 1890களில் கையாண்ட கோந்து-பைக்ரோமேட் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கோந்துக் கரைசலில் நீர்வண்ணப் பொடியையும் பைக்ரோமேட் உப்பையும் கலந்து தாளில் பூசி உலர்த்துவார்கள். அதன்மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடத்தில் கோந்து இறுகும். படாத இடத்தில் கரையும் தன்மையோடே இருக்கும். பிறகு தாளை நீரில் இட, இறுகாத கோந்து நிறத்தோடு கரைந்து போகும். அந்த ஈர நிலையில்தான் கலைஞரின் வேலை. தூரிகையால் வருடி, தனக்கு வேண்டாத பின்னணியை அங்கேயே கழுவி நீக்கலாம். ஆல்ஃபிரட் மாஸ்கெலுடன் சேர்ந்து இம்முறை பற்றி டெமாஷி எழுதிய நூல் 1897இல் வந்தது. எட்வர்ட் ஸ்டைக்கன் 1904இல் எடுத்த நிலவொளிக் குளத்தின் படமும் கோந்துப் பூச்சின் துணையோடு ஆனதுதான். கைவேலை கலந்ததால் அதன் ஒரு பிரதி போல் மற்றொன்று இல்லை. அவற்றுள் ஒன்று 2006இல் நியூயார்க் ஏலத்தில் 29 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது.

ஒளிப்படத்தை ஓவியம்போல் ஆக்க முயன்ற இந்தப் பிக்டோரியலிசப் போக்குக்கு எதிராக 1932இல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் எஃப்/64 குழுவாகத் திரண்டார்கள். முன்னிருப்பது முதல் தொலைவிலிருப்பது வரை எல்லாம் கூர்மையாக விழச்செய்யும் மிகச் சிறிய லென்ஸ் துளையின் எண்ணையே குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். விவாதத்தில் வென்றவர்கள் இவர்கள்தான். அதன்பின் பல பத்தாண்டுகள் கலை ஒளிப்பட உலகில் ஓவியச் சாயல் என்பது குறையாகவே எண்ணப்பட்டது.

அந்தச் சாயல் திரும்பி வந்த வழி கலையோடு தொடர்பில்லாதது. 1976இல் ஜப்பானிய ஆய்வாளர் மிச்சியோஷி குவஹாராவும் அவருடைய குழுவினரும் கதிரியக்க முறையில் எடுத்த இதயப் படங்களைத் தெளிவாக்க ஒரு வழி கண்டார்கள். அப்படங்களில் இரைச்சல் அதிகம். சாதாரண மங்கலாக்கலால் இரைச்சலை நீக்கினால் இதய அறையின் விளிம்பும் கரைந்துவிடும். குவஹாரா முறை ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் ஐந்துக்கு ஐந்து கட்டத்தை எடுத்து, மையப் பிக்சலைப் பொதுவாகக் கொண்ட நான்கு மூன்றுக்கு மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. நான்கில் எதில் மதிப்புகளின் சிதறல் மிகக் குறைவோ, அதன் சராசரியை மையப் பிக்சலுக்குக் கொடுக்கிறது.

இதன் விளைவை ஒரு கணக்கில் காணலாம். ஐந்து நிரல்களில் இடப்புறம் இரண்டு கருமை, மதிப்பு 40. வலப்புறம் மூன்று வெளிச்சம், மதிப்பு 200. சாதாரணச் சராசரி மையத்துக்கு 136ஐத் தரும்; விளிம்பு அழுக்குச் சாம்பலாகிவிடும். குவஹாரா முறையிலோ வலப்பக்கக் கட்டங்களில் சிதறலே இல்லாததால் மையம் 200 ஆகவே நிற்கும். மையம் இருட்டுப் பக்கம் விழுந்தால் அதேபோல் 40 ஆகவே நிற்கும். விளிம்பு கெடுவதில்லை, விளிம்புக்கு உட்பட்ட பரப்புகளின் நுண்விவரம் மட்டும் ஒரே நிறமாகப் படிகிறது. தட்டையான தூரிகையால் வண்ணத்தை அப்பிய ஓவியத்துக்கும் இதே இலக்கணம்தான். மருத்துவத்துக்காகப் பிறந்த கணக்கு ஓவிய ஃபில்டர்களின் மூலக் கணக்குகளுள் ஒன்றானது இப்படித்தான். விடுவது எது என்ற முடிவு இங்கே ஒரு புள்ளியியல் விதியின் கைக்குப் போனது. அந்த விதிக்குச் சிதறல் தெரியும். முகம் எது, சுவர் எது என்பது தெரியாது.

இதற்கு இணையான இன்னொரு வழியை பெல் ஆய்வகத்தின் ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 1988இல் வெளியிட்ட 'பியாண்ட் ஃபோட்டோகிராஃபி' நூல் பரப்பியது. சுற்றுவட்டத்தில் எந்த மதிப்பு மிகுதியாக வருகிறதோ அதையே பிக்சலுக்குக் கொடுப்பது அதன் முறை. பல இலவசப் பட மென்பொருள்களில் உள்ள எண்ணெய் ஓவிய ஃபில்டரின் அடிப்படையும் இதுவே.

1990இல் பால் ஹேபெர்லி வெளியிட்ட ஆய்வு எதிர்த்திசையில் நடந்தது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், ஒளிப்படத்தை வெற்றுத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்தார். பயனர் சுட்டியைத் திரையில் நகர்த்தும்போது, அந்த இடத்துக்குரிய நிறத்தை மறைந்திருக்கும் படத்திலிருந்து எடுத்து மென்பொருள் ஒரு தீற்றலை வைக்கும். நிறம் படத்துடையது, எங்கே பெரிய தூரிகை, எங்கே சிறியது, எந்த இடத்தை வெறுமையாக விடுவது என்பதெல்லாம் மனிதருடையது. இத்துறையின் ஆய்வுகளில் எனக்கு மிகவும் நேர்மையாகப் படுவது இதுதான். எந்த வேலை கருவியுடையது, எது கைவேலை என்பதை அது ஒளிக்கவில்லை.

சந்தை வேறு பக்கம் போனது. அதே 1990இல் ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்தது. ஆல்டஸ் நிறுவனம் விற்றுவந்த 'கேலரி எஃபெக்ட்ஸ்' தொகுப்பு, 1994இல் ஆல்டஸ் அடோபியுடன் இணைந்தபின் ஃபோட்டோஷாப்புக்குள் வந்து சேர்ந்தது. நீர்வண்ணம், உலர்தூரிகை, சுவரோவியம் என்று அதில் வந்த பெயர்களை வடிவமைப்பாளர்கள் இன்றும் அறிவார்கள். படம் முழுவதற்கும் ஒரே அளவில் பாய்வது அவற்றின் இயல்பு. 2012இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்6 பதிப்பின் எண்ணெய் ஓவிய ஃபில்டர் நுட்பத்தில் மிக முன்னேறியது. தூரிகைக்கு நான்கு நகர்த்திகள், வெளிச்சத்துக்கு இரண்டு. 'எங்கே' என்று கேட்கும் நகர்த்தி அவற்றுள் ஒன்றுகூட இல்லை.

தமிழ்நாட்டில் இந்த வெற்றிடத்தைக் கைதான் நிரப்பியது. நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சிங் செய்வதும், கறுப்பு-வெள்ளை என்லார்ஜ்மென்டின் மேல் வண்ணம் ஏற்றுவதும் நம் ஸ்டூடியோக்களின் பழைய தொழில். ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைப்போர் ஃபோட்டோஷாப்பின் ஸ்மட்ஜ் கருவியால் கன்னத்தைத் தேய்த்து மழமழப்பாக்கி, மீசையையும் தலைமுடியையும் இழை இழையாக இழுத்து முகத்தை ஓவியமாக்குவது அதன் தொடர்ச்சி. கண்ணை மட்டும் பெரும்பாலும் தேய்க்காமல் விட்டுவிடுவார்கள். டெமாஷியைப் பற்றி எழுதும் கலை வரலாறு இவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

ஆய்வுலகம் அந்த 'எங்கே' என்ற கேள்வியைக் கைவிடவில்லை. 1998இல் ஆரன் ஹெர்ட்ஸ்மன் ஓவியர் வேலை செய்யும் வரிசையையே கணக்காக்கினார். முதலில் பெரிய தூரிகையால் படம் முழுவதையும் தீட்டி, தீட்டியதற்கும் மூலத்துக்கும் வேறுபாடு ஒரு வரம்பை மீறும் இடங்களில் மட்டும் சிறிய தூரிகைக்கு இறங்குவது அம்முறை. வானத்தில் பெரிய தீற்றல்கள் அப்படியே நிற்க, நுண்விவரம் மிகுந்த இடங்களில் சிறு தீற்றல்கள் குவியும். ஆனால் நுணுக்கம் மிகுந்த இடமெல்லாம் முக்கியமான இடம் ஆகிவிடாது. முகத்துக்குப் பின்னால் உள்ள புதர், முகத்தைவிட அதிகச் சிறு தீற்றல்களை வாங்கிக்கொள்ளும்.

அதற்கு 2002இல் டக் டிகார்லோவும் அந்தோணி சான்டெல்லாவும் தந்த விடை எமர்சனின் வாதத்தை நேரடியாக நினைவூட்டுகிறது. அவர்கள் ஒருவரைப் படத்தைப் பார்க்கச் சொல்லி, கண்ணசைவுக் கருவியால் பார்வை நின்ற இடங்களைக் குறித்தார்கள். கண் தங்கிய இடத்தில் விவரம் காக்கப்பட்டது. தங்காத இடம் தட்டையான நிறப்பரப்பானது. பயனர் எதையும் தீட்டவில்லை, பார்த்ததே போதுமானதாயிற்று.

2015 ஆகஸ்டில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்து ஆய்வாளர்கள் லியோன் கேட்டிஸ், அலெக்சாண்டர் எக்கர், மத்தியாஸ் பெத்கே ஆகியோர் வெளியிட்ட முறை எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. பொருள்களை அடையாளம் காணப் பயிற்றப்பட்ட விஜிஜி-19 நரம்பு வலைப்பின்னலைக் கொண்டு, ஒரு படத்தின் உள்ளடக்கத்தையும் இன்னொன்றின் பாணியையும் பிரித்தெடுத்துச் சேர்த்தார்கள். தங்கள் ஊரின் ஆற்றங்கரை வீடுகளின் ஒளிப்படத்தை வான்கோ, டர்னர், மங்க் ஆகியோரின் பாணிகளில் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ரஷ்யாவிலிருந்து வந்த பிரிஸ்மா செயலி இவ்வகைப் படங்களை உலகெங்கும் கைப்பேசிக்குக் கொண்டுசேர்த்தது.

இந்த முறையின் வலிமையும் குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பாணி என்பது அங்கே எந்தெந்தக் கூறுகள் சேர்ந்து வருகின்றன என்ற அட்டவணை; எந்த இடத்தில் வருகின்றன என்ற தகவலை அட்டவணை தயாராகும்போதே உதறிவிடுகிறார்கள். வான்கோவின் சுழல்கள் அவர் ஓவியத்தில் இரவு வானத்துக்குரியவை. ஃபில்டர் வழியாக வரும்போது அவை குழந்தையின் நெற்றியிலும் ஏறிவிடும். குறையை உணர்ந்த கேட்டிஸும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், படத்தின் தனித்தனிப் பகுதிகளுக்குத் தனித்தனிப் பாணி தரும் வழியைச் சேர்த்தார்கள்.

குவஹாரா முறையும் இதற்கிடையில் வளர்ந்தது. சதுரக் கட்டங்களால் படத்தில் விழும் கட்டித்தன்மையைப் போக்க, 2009இல் யான் எரிக் கிப்ரியானிடிஸும் குழுவினரும் விளிம்பின் திசைக்கேற்ப நீண்டு வளையும் நீள்வட்டங்களைப் புகுத்தினார்கள். தீற்றல் முடியின் போக்கிலும் துணி மடிப்பின் போக்கிலும் ஓடத் தொடங்கியது. இலவச மென்பொருளான பிளெண்டரின் 2023இல் வந்த 4.0 பதிப்பில் பழைய வடிவம், திசையறியும் வடிவம் இரண்டும் இடம்பெற்றன. அதற்குப் பின்வந்த பதிப்புகளில் ஃபில்டரின் அளவை ஒரே எண்ணாகத் தராமல், ஒரு கறுப்பு-வெள்ளைப் படமாகவே தரலாம். முகத்தின் மேல் சிறிய அளவு, பின்சுவரின் மேல் பெரிய அளவு, இரண்டுக்கும் நடுவில் படிப்படியான மாற்றம். அந்த வழிகாட்டிப் படத்தைப் பயனரே தூரிகை எடுத்து வரைந்து கொடுக்கலாம்.