பெயரில் சென்னை, கோப்பை கோவையில்: 2019 ஐ-லீக் இறுதி நாளில் சந்தேகப் பேச்சு கிளம்பியது ஏன்?

2018-19 ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டி எஃப்.சி. பெயர்தான் சென்னை, சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம்.

கடைசி நாளில் என்ன நடந்தது?

2019 மார்ச் 9. சென்னை சிட்டி 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்கால் 39. கோவையில் மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட, கேலரி கப்சிப்! இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்து கௌரவ் போரா 2 கோல். ஸ்கோர் 3-1. அதே நேரம் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை 2-1 என ஈஸ்ட் பெங்கால் வீழ்த்தியும் பலனில்லை. 43-42, ஒரே ஒரு புள்ளியில் கோப்பை போச்சு.

பேச்சு ஏன் கிளம்பியது?

இரண்டாம் பாதியில் மினர்வா ஆடிய விதம் குறித்து ஆட்ட ஆணையரின் அறிக்கையே சந்தேகம் எழுப்பியது. விவகாரம் இந்திய கால்பந்து சம்மேளனத்தின் நேர்மை அதிகாரி வரை போனது. ஆனால் சந்தேகம் வேறு, ஆதாரம் வேறு. பட்டம் சென்னை சிட்டியிடமே இருந்தது.

ஒரு நாள் அதிர்ஷ்டமா?

இல்லை. சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸின் அணி சீசன் முழுக்க கோல் மழை பொழிந்தது. மான்சி மட்டும் 21 கோல். அதே சீசனில் ஐ.எஸ்.எல். தொடரில் சென்னையின் எஃப்.சி.க்கு கடைசி இடம். ரசிகர்கள் கிண்டலடிக்க இது போதாதா?

அந்த ஒரு புள்ளியின் மதிப்பு என்ன?

ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்று வாய்ப்பு. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 எனத் தோற்று அந்தக் கனவு முடிந்தது.